மூச்சு படாத காற்று

கரியமில வாயுவை அளக்கும் செயற்கைக்கோள் மூன்று நாளுக்கு ஒருமுறை உச்சிவேளையில் சாமியார்பேட்டையைக் கடந்துபோகும். அது சொல்லும் அளவைச் சரிபார்க்க, அதே நேரத்தில் கடற்கரைக் காற்றைக் குப்பியில் பிடித்துச் சிதம்பரத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது புஷ்பவள்ளியின் வேலை. குப்பி திறந்திருக்கும்வரை மூச்சை அடக்க வேண்டும். மனித மூச்சு கலந்தால் அளவு ஏறிவிடும்.

2010 பங்குனி முழுக்க அளவு ஏறியே வந்தது.

ஆய்வகத்துச் சிந்துஜா மேடம் போன் செய்தார். "பக்கத்துல யாரோ மூச்சு வுட்றாங்க. யாரக் கூட்டிட்டுப் போறீங்க?"

"தனியாத்தான் போறேன் மேடம்."

"இன்னொரு தடவ இப்படி வந்தா வேற ஆளத்தான் போடணும்."

அவள் குப்பி திறக்கும் இடத்தில்தான் சுனாமி அவள் புருஷனை இழுத்துப் போனது. தண்ணீரில் மூச்சுமுட்டிச் செத்த மனுஷனுக்கு இப்போது மூச்சு வருகிறது. புஷ்பவள்ளி கடலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அடுத்த முறை, குப்பியைத் திறக்குமுன் மெல்லச் சொன்னாள்: "செத்த நேரம் நீயும் மூச்ச அடக்கிக்க மாமா. வேல போயிடும்."

மறுநாள் மேடம் கூப்பிட்டார். "இப்ப சரியா இருக்கு. என்ன பண்ணீங்க?"

"சொன்னேன் மேடம். கேட்டுக்கிட்டாரு."