கைராசி

ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் மிட்டாய்க் கடை போட்டிருந்த அருள்முருகனுக்கு இந்த வருஷம் நல்ல கைராசி. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தும் வியாபாரம் ஏறியிருந்தது. “ஜவ்வு மிட்டாயிலதான் நமக்கு லாபம் ஜாஸ்தி” என்று வீட்டில் ஓயாமல் பீற்றிக்கொள்வான். ஆனால் மகள் மகிழினி அதில் ஒன்றைத் தொட்டால் தோலை உரித்துவிடுவான்.

சிதம்பரத்திலிருந்து பல் டாக்டர்கள் பள்ளிக்கு வந்த அன்று, கன்னம் வீங்கிய மகனை இழுத்துக்கொண்டு ஜான்சி சண்டைக்கு வந்தாள்.

“உன் கடையாலதான்யா எம்புள்ள பல்லு போச்சு!”

“நான் வித்தா நீ ஏன் தின்ன வுடுற? புள்ள வளக்கத் தெரியணும். எம்பொண்ணு வாய வந்து பாரு!”

வரிசையில் நின்ற மகிழினியை முன்னால் தள்ளி உட்காரவைத்தான். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“கடவாய்ப் பல்லு நாலும் சொத்தை. எடுத்துத்தான் ஆகணும். இனிமே முளைக்காது.”

ஜான்சி வாய்விட்டுச் சிரித்தாள்.

“கடையில திருடித் தின்னியாடி?” அருள்முருகன் கையை ஓங்கினான்.

“இல்லப்பா! பசங்களுக்கு வீட்டுப்பாடம் எழுதிக் குடுப்பேன். அதுக்கு அவுங்க நம்ம கடையில வாங்கிக் குடுப்பாங்க.”

“அதுக்கு மிட்டாயாடி கேப்ப, சனியனே?”

மகிழினி கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

“அவுங்க பேனா வாங்கித் தரேன்னுதாம்பா சொன்னாங்க. நான்தான் ஜவ்வு மிட்டாய் போதும்னுட்டேன். அதுலதானப்பா நமக்கு லாபம் ஜாஸ்தி?”