தூக்கிக்கொள்ளும் படம்

சினிமா எடுக்கும் முன்னே வரைந்த மூன்று படங்கள் ஒரு கம்ப்யூட்டரில் வரிசையாக இருந்தன. முதல் படத்தில் ஒரு குழந்தை தெருவில் விழுந்து அழுதது. இரண்டாவதில் அதன் அம்மா ஓடி வந்தாள். மூன்றாவதில் அம்மா அதைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள்.

ஒருநாள், எந்தப் படம் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று முடிவு செய்ய மூன்றையும் எடிட்டிங்குக்கு அனுப்பினார்கள்.

“பயப்படாதடி தங்கம், போயிட்டு உடனே வந்துடலாம்” என்றாள் ஓடுகிற அம்மா.

“நீ சும்மா ஓடத்தான் செய்வே. அடுத்த படத்து அம்மாதான் என்னைத் தூக்குவா” என்று குழந்தை சிரித்தது.

திரும்பி வந்தபோது முதல் படம் ஓடும் நேரம் நீண்டிருந்தது. அழுகையும் கூடவே நீண்டிருந்தது. இரண்டாம் படம் கண் சிமிட்டும் நேரமாகக் குறைந்திருந்தது. மூன்றாம் படத்தைக் காணோம்.

“தூக்குற அம்மா எங்கே?” என்று குழந்தை கேட்டது.

“வெட்டிட்டாங்கடி. நான் ஓடி வர்றதைப் பார்த்தாலே, தூக்கிடுவேன்னு எல்லாருக்கும் புரிஞ்சுடுமாம்.”

“எனக்குப் புரியலையேம்மா. நீயாவது தூக்கு.”

அம்மா கையை நீட்டினாள். அவள் படத்துக்குள் குழந்தை இல்லை.

யாரோ காட்சியை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். குழந்தை விழுந்தது. அம்மா ஓடி வந்தாள். குழந்தை விழுந்தது.