நாலு பேர் முன்னால்

உறையூர் மருதைக்குத் தண்டாலும் பஸ்கியும் தண்ணீர் பட்ட பாடு. நாலு பேர் முன்னால் நிற்பதுதான் வராது; கால் வெடவெடக்கும். மறுநாள் கோட்டைப் பக்கத்து மண்டபத்தில் ஆணழகன் போட்டி. அவனுக்கு அதுதான் முதல் மேடை. தங்கை வள்ளிக்கண்ணு அவனைக் கொல்லையில் நிறுத்திப் பழக்கினாள்.

"மெதுவா நட அண்ணே. ரொம்ப நிமிராதே, திமிர்னு நினைப்பாங்க. ரொம்பக் குனியாதே, ஊமையோன்னு சந்தேகப்படுவாங்க. பல்லு தெரியாமச் சிரி."

"பெரிய உஸ்தாத் மாதிரியில்ல பேசுறே!"

"வாயை மூடு. கேட்டாத்தான் பதில் சொல்லணும். திரும்பு."

போட்டியில் அவன் கால் ஆடவே இல்லை. நடுவர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். வாசலில் சட்டையோடு காத்திருந்த தங்கையிடம் மருதை ஓடி வந்தான்.

"அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு வள்ளி! கலந்து பேசிட்டு லெட்டர் போடுறாங்களாம்!"

அவள் சட்டையை நீட்டினாள். "மாட்டிக்க அண்ணே, வீட்டுக்குப் போவோம். லெட்டர் வராது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"என்னைப் பொண்ணு பார்க்க வந்த அத்தனை பேரும், பஜ்ஜியைத் தின்னுட்டு, இதையேதானே சொல்லிட்டுப் போனாங்க!"