கவசத்தின் மேல் ஒரு மின்னல்

“தளபதியை டிராகன் சுத்திக்கிச்சு. மலைப்பாம்பு மாதிரி. இன்னும் ஒரு இறுக்கு இறுக்கினா ஆள் காலி” என்றான் இனியன்.

நசீர் அகமது கடிக்கப் போன சமோசாவைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில், நசீரின் வீட்டு மாடி. அங்கே குடியிருந்த ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது இந்த விளையாட்டை இனியனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காய் நகர்த்துகிற விளையாட்டு இல்லை. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அதற்குள் வாழ வேண்டும். செய்வது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

கதையை நடத்துகிறவன், இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் இனியன். பாத்திரக் கடை நசீர், திருடன். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மூர்த்தி, தளபதி. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தும் திரௌபதி, மந்திரவாதி. ஆட்டம் முடிகிற வரை வேஷப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது இனியன் போட்ட சட்டம்.

“நான் டிராகன் கண்ணுல மிளகாய்த்தூள் போடறேன்” என்றார் நசீர்.

“நெருப்பு கக்கறதுக்கு மிளகாய்த்தூள் என்ன பண்ணும், திருடரே? மந்திரவாதி, நீங்க சொல்லுங்க.”

திரௌபதி பகடையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். “என்கிட்ட ஒரு மின்னல் மந்திரம் மிச்சம் இருக்கு. ஆனா தளபதி இரும்புக் கவசம் போட்டுக்கிட்டு டிராகனை ஒட்டிக்கிட்டு இல்ல இருக்காரு? அது மேல விட்டா அவர் மேலயும்தான் பாயும்.”

“புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. இரும்பு போட்டவங்களுக்கு மின்னல்ல டபுள் அடி.”

“அது தப்பு” என்றார் மூர்த்தி.

எல்லோரும் திரும்பினார்கள். திரௌபதி மட்டும் திரும்பவில்லை.

“புத்தகம் எழுதினவனுக்கு கரன்ட் தெரியலை. பஸ் மேல லைவ் ஒயர் அறுந்து விழுது. உள்ள இருக்கிறவன் இறங்காத வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது. கரன்ட் தகட்டு மேலயே ஓடிடும், உள்ள வராது. நான் தலையிலேர்ந்து கால் வரைக்கும் இரும்புக்குள்ள இருக்கேன். என் மேலயே விடச் சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆகாது. டிராகன்தான் கருகும்.”

“மந்திர உலகத்துல ஏதுங்க கரன்டு?” என்றார் நசீர்.

“மந்திரத்துல வந்தாலும் மின்னல் மின்னல்தானே?” என்றாள் திரௌபதி. சொன்ன பிறகுதான், தான் மூர்த்தியின் பக்கம் பேசிவிட்டது அவளுக்கு உறைத்தது. “கவசத்துல இடுக்கு இல்லாம இருந்தா சரிதான். ஆனா என்னால விட முடியாது, இனியா. தப்பாப் போனா ஆளே போயிடுவாரு.”

“வேஷப் பேரு...”

“சரிப்பா, கதை சொல்றவரே. இந்தத் தளபதி எப்பவும் இப்படித்தான். யாரையும் கேட்கறது கிடையாது, தானா முடிவு பண்ணிடறது. குகைக்குள்ள நுழைஞ்சதும் அப்படித்தானே? கடைசியில மாட்டிக்கிட்டு முழிக்கறது.”

“மந்திரவாதி வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார் மூர்த்தி. “வாயே திறக்காம இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

“சொன்னா கேட்கிற ஆளா இருந்தா சொல்லியிருப்பாங்கன்னு சொல்லுங்க” என்றாள் திரௌபதி, இனியனைப் பார்த்து.

செங்கம் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

மூர்த்தி குரலைத் தாழ்த்தினார். “கேட்டுட்டுத்தான் போயிருக்கணும். அது என் தப்பு. இப்ப கேட்கிறேன். விடலாமா?”

திரௌபதி இனியனைப் பார்த்தாள். “நீ என்ன ரூல் வெச்சிருக்க? புத்தகமா, சயின்ஸா? அதைச் சொல்லிடு.”

“சொல்ல மாட்டேன். மின்னலை விட்டப்புறம்தான் சொல்லுவேன். விடறதும் விடாததும் உங்க இஷ்டம்.”

அவள் பகடையைக் கையில் எடுத்தாள். கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். பிறகு, அன்றைக்கு முதல்முறையாக, நேராக மூர்த்தியின் முகத்தைப் பார்த்தாள்.

“முகமூடியை மூடிக்கிட்டீங்களா?”

“மூடிட்டேன்.”

“கையுறை?”

“போட்டிருக்கேன். நீ விடு.”

“பயமா இருக்குங்க.”

“எனக்கும்தான். நீ விடுறேன்னாதான் நான் நிக்கறேன்.”

பகடை பாயில் உருண்டு, சமோசாத் தட்டில் மோதி நின்றது. பதினேழு.

“பலிச்சிடுச்சு!” நசீர் துள்ளி எழுந்தார். “தளபதி என்ன ஆனாரு? அதைச் சொல்லுடா!”

இனியன் வேண்டுமென்றே ஒரு வாய் டீ குடித்தான். “குகை முழுக்க வெளிச்சம். டிராகன் பிடி தளர்ந்து பொத்துனு விழுது. ஒரே புகை. புகைக்குள்ளேர்ந்து யாரோ இருமற சத்தம். தளபதி நடந்து வர்றாரு, ஒரு கீறல் இல்லாம. இந்த உலகத்துலயும் கரன்ட் நம்ம ஊர் கரன்ட் மாதிரிதான்!”

நசீர் கை தட்டினார். மூர்த்தி சிரித்தார். திரௌபதியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மிளகாய்த்தூளும் போட்டிருந்தா மசாலாவோட வெந்திருக்கும்” என்றார் நசீர்.

வெயில் தாழ்ந்ததும் ஆட்டம் கலைந்தது. மூர்த்தி முதலில் இறங்கினார். கொஞ்சம் தயங்கிவிட்டுத் திரௌபதியும் இறங்கினாள். இனியன் எதையும் எடுத்து வைக்காமல் ஜன்னலுக்கு ஓடினான். நசீரும் பின்னாலேயே வந்து அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“ஏறிட்டாங்களாடா?” என்று கிசுகிசுத்தார்.

இனியன் தலையை ஆட்டினான். கீழே, கோபித்துக்கொண்டு பத்து மாதமாகப் பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்ட அவன் அக்கா, மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்திருந்தாள்.