விழுங்கும் வரை

செருப்புச் சத்தம் கேட்டதும் செல்வலட்சுமி செம்பில் தண்ணீர் மொண்டு வைத்தாள்.

வைத்த பிறகுதான் நினைவு வந்தது. மருந்து நேற்றோடு முடிந்துவிட்டது.

சளியில் கிருமி இல்லை என்று ஆஷா சுகாதாரப் பணியாளர் புஷ்பமேரி வந்து சொன்னபோது தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் எல்லாமே சந்தோஷப்பட்டன. டி.பி. என்று தெரிந்த நாளிலிருந்து குழாயடியில் தன் குடத்தைத் தள்ளி வைத்த அழகுத்தாய்கூட வாசல்வரை வந்து விசாரித்தாள்.

செல்வலட்சுமிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவள் கணவன் பாண்டிக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இரவு வேலை. விடிந்ததும் வருவான், வைத்ததைச் சாப்பிடுவான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். சண்டையில்லை, அடியில்லை. பேச்சும் இல்லை. ஒரே அறைக்குள் தனியாக இருக்க அவள் பழகியிருந்தாள்.

நோய் வந்தபோது புஷ்பமேரி மாத்திரைகளைப் பாண்டியிடம்தான் கொடுத்தாள். அவள் விழுங்குவதைத் தினமும் அவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள்.

அதனால் பார்த்தான்.

எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தான். பெரிய பெரிய மாத்திரைகள், தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கும். அதுவரை சும்மா இருக்க முடியாமல் பேச ஆரம்பித்தான்.

"நம்ம கங்காணி இன்னிக்கும் ஓடையில விழுந்தாரு புள்ள. எந்திரிச்சு ஓடையத்தான் ஏசுறாரு."

அவள் சிரித்துப் புரையேறினால் தலையில் தட்டுவான்.

இனி எதைப் பார்க்கப் போகிறான்?

பாண்டி உள்ளே வந்தான். கஞ்சியைக் குடித்தான். பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

செல்வலட்சுமி கும்பாவை எடுத்துக் கழுவப் போனாள்.

"ஏ புள்ள."

திரும்பினாள். அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினான்.

"சத்து மாத்திரை. வண்டன்மேட்டுல வாங்குனேன். இதையும் பக்கத்துல இருந்து பாத்துத்தான் குடுக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"கடைக்காரன்தான்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

மிளகு அளவுதான் இருந்தது. அதை விழுங்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.