கதிரைக்குப் பின்னால் நின்றவர்

கோட்டுப் போட்ட அந்த மனிதர் விக்னராஜாவின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, கையிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு விக்னராஜாவின் முகத்தைப் பார்த்தார். எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் அது அப்படியே தெரிந்தது. வாய்க்குப் போன நூடில்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது.

எழுபத்தேழாம் ஆண்டுச் சிட்னியில், ஹேமார்க்கெட்டில் இருந்த அந்த ஜப்பான்காரர் கடையில் மத்தியானம் எள் போட இடமிராது. சாப்பிடுகிறவனின் முதுகோடு ஒட்டி நின்று இடம் பிடிப்பதுதான் அங்கே வழக்கம். ஆகவே ஆள் நிற்பது புதினமில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒரு கதிரை காலியாகியும் இவர் போகவில்லை. விக்னராஜாவை ஒட்டிய கதிரை காலியாகும் மட்டும் நின்று, படத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, அதில்தான் இருந்தார்.

“தம்பி தமிழோ?”

விக்னராஜா ஓமென்று தலையாட்டினான். படிக்க வந்த விசா முடிந்து எத்தனையோ மாதம். குடிவரவுக்காரர் இப்போது தமிழ் தெரிந்த ஆட்களை விட்டே பிடிக்கிறார்கள் என்று அறைத் தோழன் நித்தியானந்தன் போன கிழமைதான் சொல்லியிருந்தான். தனிக்கட்டை என்றால் விடமாட்டார்களாம். ஊரில் மனைவி, பிள்ளை இருக்கிறவன் எப்படியும் திரும்பிப் போய்விடுவான் என்று பேசாமல் விட்டுவிடுவார்களாம். நித்தியானந்தன் சொல்வதில் பாதி புளுகு. பயந்தவனுக்கு மற்றப் பாதி போதாதா?

எழும்பி ஓடலாம் என்றால் முதுகுக்குப் பின்னால் மதில் மாதிரிச் சனம். ஓடினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகிவிடும்.

பிடித்து விமானத்தில் ஏற்றிவிட்டால் அவனுக்குச் சந்திரவதனா இல்லை. அந்த நினைப்புத்தான் அவனைக் கொன்றது. ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிற அவள்தான், நம்முடைய ஆட்கள் எட்டியும் பார்க்காத இடம், பயமில்லாமல் சாப்பிடலாம் என்று இந்தக் கடையைக் காட்டிவிட்டவள். அவள் வீட்டுச் சம்மதம் வந்ததும் பதிவுக்காரரிடம் கலியாண எழுத்து. எழுத்து முடிந்தால் விசாத் தொல்லையும் தீரும். அதுவரைக்கும் அகப்படாமல் இருந்தால் போதும்.

மனிதர் இறைச்சி போடாத நூடில்ஸ் ஒன்று சொல்லிவிட்டு விசாரணையைத் தொடங்கினார். எப்போது வந்தது, என்ன விசா, எங்கே வேலை, அறையில் எத்தனை பேர், சிகரெட் பத்துகிற பழக்கம் உண்டா என்று ஒன்றையும் விடவில்லை. விக்னராஜா வாய்க்கு வந்ததைச் சொன்னான். சிகரெட்டுக்கு மட்டும் உண்மை சொன்னான், இல்லையென்று. குடிவரவுக்காரருக்கு இவன் சிகரெட் பத்தினால் என்ன, பத்தாவிட்டால் என்ன? அதை யோசிக்கிற நிலையிலா இருந்தான் பாவி.

“ஊரிலை கலியாணம் ஏதும் முடிச்சனீரோ?”

இதுதான் தருணம் என்று பட்டது அவனுக்கு.

“ஓம் ஐயா. ரெண்டு பிள்ளையள்.”

மனிதரின் கை கிண்ணத்தில் அப்படியே நின்றது. முகம் இறுகியது. நம்பவில்லையாக்கும் என்று விக்னராஜா நினைத்தான். எடுத்த பொய்யைக் கரைசேர்க்காமல் விடலாமா? மூத்தவள் கமலினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்றான். இளையவனுக்குச் சளித்தொல்லை, பிள்ளைகளை நினைத்தால் இரவில் நித்திரை இல்லை என்றான். பயத்தில் வந்த கண்ணீர் நல்ல நேரம் பார்த்து வழிந்தது. வருகிற மாதம் எப்படியும் அவர்களிடம் போய்விடுவேன் என்று சத்தியமும் பண்ணினான்.

மனிதர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பக்கத்தில் ஒரு ஜப்பானியர் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“இஞ்சை உமக்கு வேண்டப்பட்ட ஆக்கள் ஆரும் இருக்கினமோ? பொம்பிளைப்பிள்ளை ஆரும்?”

சந்திரவதனாவின் பெயரையும் இழுத்துவிடுவார்களோ என்று பயந்தான்.

“சீச்சீ. எனக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லை ஐயா.”

மனிதர் நூடில்ஸைத் தொடாமலே எழுந்தார். அவர் கோட்டு, இரவு முழுக்க ரயிலில் குந்தியிருந்து வந்தவருடையது போலக் கசங்கியிருந்தது. அவர் கையை நீட்டிப் பிடிக்கவில்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. தப்பிவிட்டேன் என்று விக்னராஜா நல்லூரானுக்கு மனத்துக்குள் நூறு தேங்காய் உடைத்தான். இனிச் சந்திரவதனாவை அவனிடமிருந்து யார் பிரிப்பது?

இரண்டடி போனவர் திரும்பி வந்து, அவன் காதருகே குனிந்தார்.

“நான் சந்திரவதனாவின்ரை அண்ணன்.”