பதினேழாவது முகம்

அந்த யார்க்‌ஷயர் கிராமத்து மண்டபச் சுவரில் பழைய பள்ளிக்கூடப் புகைப்படம் ஒன்று தொங்கியது. முகத்துக்கு ஓர் எண். அடையாளம் தெரிந்தவர்கள் பக்கத்துத் தாளில் பெயர் எழுதலாம்.

"உங்க எட்னா சாகறதுக்கு முன்னாடி முக்காவாசிப் பேரை எழுதிட்டாங்க, நார்மன்," என்றாள் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்து பெரில். "ஒன்பதாம் நம்பரைப் பாருங்க, உங்க வண்டவாளம் வெளிய வந்துடுச்சு!"

நார்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மனைவியின் சாய்ந்த கையெழுத்து.

'என் நார்மன். பனியில் தன் கோட்டைக் கழற்றி எனக்குக் கொடுத்தவன். கட்டினால் இவனைத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.'

"அம்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தோட ரகசியம் இதுதானா?" பெரில் சிரித்தாள். "கடைசி வரிசை ஓரத்துல இருக்கானே, காது விடைச்ச பையன், பதினேழு, அவனைத்தான் யாருக்கும் தெரியல. எட்னாவும் கேள்விக்குறி போட்டுட்டாங்க. நாளைக்கு இந்தப் படத்தோட ஊர் வரலாற்றுப் புத்தகம் அச்சுக்குப் போகுது. உங்களுக்குத் தெரியுதா?"

நார்மன் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியலம்மா. பேர் தெரியாதவர்னே போட்டுடு."

வாசலில் நின்று கம்பளித் தொப்பியை எடுத்தார். ஒன்பதாம் எண் அவர் இல்லை; கூடப் படித்து, பிறகு கனடாவுக்குப் போன டெரன்ஸ். நார்மனிடம் அந்த வயதில் கோட்டே கிடையாது.

விடைத்த காதுகள் இரண்டையும் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினார்.